பழைய காரில் இம்மொபிலைசர் கெட்டால்: கழற்றுவதற்கு முன்பும் பின்பும்

கிருஷ்ணகிரி, தருமபுரி பக்கம் ஓடும் பழைய கார்களில் பெங்களூரிலிருந்து செகண்ட் ஹேண்டாக வந்தவை ஏராளம். கேஏ நம்பரில் வந்து, என்ஓசி வாங்கி, டிஎன் 24, டிஎன் 29, டிஎன் 70 என்று மாறியவை. ஆர்சி, இன்சூரன்ஸ், டயர் என்று எல்லாவற்றையும் பார்த்து வாங்குகிறவர்கள்கூட இரண்டாவது சாவி எங்கே என்று கேட்பதில்லை. சரியான சாவி இல்லாமல் எஞ்சின் பிடிக்காதபடி தடுக்கும் கருவிதான் இம்மொபிலைசர். அது மக்கர் பண்ணும் நாளில்தான் அந்தச் சாவியின் அருமை தெரியும்.

இந்தக் கோளாறை முதல்முறையாகப் பார்க்கிறவர்களுக்காக எழுதுகிறேன். நீங்களே கழற்றி மாட்டினாலும் சரி, ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் விட்டாலும் சரி, ஒன்றை முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இம்மொபிலைசர் பெட்டியைக் கழற்றி வேறு பெட்டி மாட்டுவது சின்ன வேலை. புதுப் பெட்டி, சாவி, எஞ்சின் கம்ப்யூட்டர் மூன்றையும் ஒன்றுக்கொன்று அறிமுகம் செய்து வைப்பதுதான் பெரிய வேலை. கோடிங் என்பது இதைத்தான். அதற்கு ஆளும் கோடும் (ரகசிய எண்) தயாராக இல்லாமல் ஸ்க்ரூவில் கை வைத்தால், வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும்.

உள்ளே என்ன நடக்கிறது

சாவியின் தலைக்குள் ஒரு சிப் இருக்கிறது. அதற்கு பேட்டரி கிடையாது. ரிமோட்டில் இருக்கும் வட்ட பேட்டரி கதவு லாக்குக்காக. சாவி போட்டுத் திருகும் வண்டிகளில் அந்த பேட்டரி தீர்ந்தாலும் எஞ்சின் ஸ்டார்ட் ஆகும். இக்னிஷன் பூட்டின் வாயைச் சுற்றி ஒரு பிளாஸ்டிக் வளையம் இருக்கும். அதற்குள் மெல்லிய செம்புக் கம்பிச் சுற்று, அதுதான் காயில். சாவியை ஆன் செய்ததும் இந்தக் காயிலில் 125 கிலோஹெர்ட்ஸை ஒட்டிய அலை ஓடும். அந்தக் காந்தப் புலத்திலிருந்தே சிப் தனக்கு வேண்டிய மின்சாரத்தை எடுத்துக்கொண்டு, தன் அடையாளத்தைத் திருப்பிச் சொல்லும். இம்மொபிலைசர் பெட்டி அதை வாங்கி, ஈசிஎம் எனப்படும் எஞ்சின் கம்ப்யூட்டரோடு பேசும். கணக்கு ஒத்துப்போனால்தான் ஈசிஎம் இஞ்செக்டரையும் ஸ்பார்க்கையும் வேலை செய்ய விடும்.

ஆக நாலு பொருள்: சிப், காயில், பெட்டி, ஈசிஎம். இவற்றை இணைக்கும் வயரிங்கையும், வயர்களைக் கோக்கும் கப்ளர்களையும் ஐந்தாவதாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். மாருதியில் இந்த ஏற்பாட்டை ஐகேட்ஸ் என்பார்கள். ஹூண்டாயில் நடுவில் இருக்கும் பெட்டிக்கு ஸ்மார்ட்ரா என்று பெயர். பழைய ஸ்மார்ட்ரா வெறும் தகவல் கடத்திதான். சாவி விவரம் எதையும் அது சேமித்து வைப்பதில்லை, எல்லாம் ஈசிஎம்மில் இருக்கும். அதனால் அது கெட்டால் அதே பார்ட் நம்பரில் ஒன்றை வாங்கி மாட்டினாலே போதும். பின்னால் வந்த வகைகளில் பெட்டிக்கும் கோடிங் தேவைப்படும். உங்கள் வண்டி எந்த வகை என்பதைத் தெரிந்துகொள்வதில்தான் பாதிச் செலவு அடங்கியிருக்கிறது.

முதலில், இம்மொபிலைசர்தானா?

ஒர்க்‌ஷாப்பில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது:

"செல்ஃப் அடிக்குதுணா, ஆனா புடிக்க மாட்டேங்குது."

"சாவி போட்டதும் டேஷ்போர்டுல சாவி லைட்டு என்ன பண்ணுது தம்பி? அணையுதா, மினுக்குதா?"

அந்த ஒரு கேள்விதான் தொடக்கம். சாவியை ஆன் செய்ததும் இம்மொபிலைசர் விளக்கு சில நொடி எரிந்து அணைந்தால், வண்டி சாவியை அடையாளம் கண்டுகொண்டது என்று அர்த்தம். விடாமல் மினுக்கினால் அடையாளம் காணவில்லை. எல்லா மாடலிலும் விளக்கு ஒரே மாதிரி நடந்துகொள்ளாது. உங்கள் ஓனர் மேனுவலில் அந்தப் பக்கத்தைப் பார்த்துவிடுங்கள். சில வண்டிகளில் எஞ்சின் பிடித்த ஒன்றிரண்டு நொடியில் தானாக அணைந்துவிடும். அதுவும் இதே கோளாறின் அடையாளம்தான்.

செல்ஃபே அடிக்கவில்லை, அல்லது டக் டக் என்று சத்தம் மட்டும் வருகிறது என்றால் பெரும்பாலும் பேட்டரி, டெர்மினல், செல்ஃப் ரிலே. செல்ஃபையும் சேர்த்து நிறுத்துகிற இம்மொபிலைசர்கள் உண்டு, ஆனாலும் முதலில் பேட்டரியைத்தான் பார்க்க வேண்டும். வண்டி சும்மா நிற்கும்போது நல்ல பேட்டரி 12.6 வோல்ட்டை ஒட்டிக் காட்டும். 12.2க்குக் கீழே இருந்தால் சார்ஜ் ஏற்றிவிட்டு மறுபடி முயலுங்கள். செல்ஃப் அடிக்கும்போது வோல்ட்டேஜ் மிகவும் சரிந்தால், நல்ல இம்மொபிலைசரும் சாவியைப் படிக்காமல் தடுமாறும். பேட்டரியை மாற்றியதும் சரியாகிவிட்ட 'இம்மொபிலைசர் கோளாறு' நிறைய உண்டு.

செல்ஃப் நன்றாக அடிக்கிறது, விளக்கும் ஒழுங்காக அணைகிறது, எஞ்சின் மட்டும் பிடிக்கவில்லையா? சந்தேகம் வேறு பக்கம் போக வேண்டும். சாவியை ஆன் செய்ததும் பின் சீட்டுப் பக்கம் காது கொடுங்கள். பெட்ரோல் வண்டியில் ஃபியூவல் பம்ப் இரண்டு நொடி முனகும் சத்தம் கேட்க வேண்டும். கேட்கவில்லை என்றால் ஃபியூஸ், ரிலே, பம்ப். இன்னொன்று, எஞ்சின் சுற்றுவதை ஈசிஎம்முக்குச் சொல்லும் கிராங்க் சென்சார். இது சூட்டில் விட்டுவிட்டு ஆறியதும் வேலை செய்யும் குணம் கொண்டது. சேலத்திலிருந்து தொப்பூர் ஏற்றம் ஏறி வந்து, டீ குடிக்க நிறுத்தி, திரும்ப ஸ்டார்ட் செய்தால் பிடிக்காது. அரை மணி நேரம் கழித்து ஒன்றுமே நடக்காதது போலப் பிடிக்கும். இதை இம்மொபிலைசர் என்று நினைத்துப் பெட்டியை மாற்றியவர்கள் இருக்கிறார்கள்.

வண்டியின் கம்ப்யூட்டரில் பதிவான கோளாறுக் கோடுகளைப் படிக்கும் ஸ்கேனர் போட்டால் ஊகத்துக்கு வேலை குறையும். பி0513 என்று வந்தால் சாவி தவறு, பி0633 என்றால் ஈசிஎம்மில் சாவி பதிவாகவில்லை, பி0335 என்றால் கிராங்க் சென்சார். இவை எல்லாக் கம்பெனிக்கும் பொதுவான கோடுகள். இவை போகக் கம்பெனிகளுக்கென்று தனிக் கோடுகளும் உண்டு. மலிவான புளூடூத் ஸ்கேனர்கள் எஞ்சின் கோடுகளை மட்டும் காட்டிவிட்டு இம்மொபிலைசர் பக்கம் போகாமல் விடும். அது காலியாகக் காட்டுவதை வைத்து 'கோளாறு இல்லை' என்று முடிவு கட்டாதீர்கள்.

நாலில் எது?

இந்த இடத்தில் நேரம் செலவழியுங்கள். காசு மிச்சமாவது இங்கேதான்.

சாவியிலிருந்து தொடங்குங்கள். இரண்டாவது சாவி இருந்தால் அதைப் போட்டுப் பாருங்கள். அதில் பிடித்தால் பெட்டி, காயில், ஈசிஎம் மூன்றும் நன்றாக இருக்கின்றன, முதல் சாவியின் சிப்தான் போய்விட்டது. ஒரே வளையத்தில் இரண்டு சிப் சாவிகளைக் கோத்து வைத்திருந்தால் பிரித்துவிடுங்கள். ஒன்றின் சிப் மற்றதைக் குழப்பும்.

சாவியின் மேல் ஓட்டைச் சமீபத்தில் மாற்றினீர்களா? பழைய ஓடு உடைந்து, மடக்கும் வகைச் சாவி ஓடு ஒன்றை வாங்கி மாட்டும் பழக்கம் இங்கே அதிகம். ரிமோட் போர்டையும் சாவி நாக்கையும் புது ஓட்டுக்கு மாற்றுவார்கள், சிப் மட்டும் பழைய ஓட்டுக்குள்ளேயே தங்கிவிடும். அது அவ்வளவு சின்னது. சிலவற்றில் கறுப்பு ஆப்பு போல இருக்கும், சிலவற்றில் நெல்மணி அளவுக் கண்ணாடிக் குழாய். போர்டில் ஒட்டாமல் ஓட்டின் ஒரு மூலைக் குழியில் தனியாகச் செருகியிருப்பார்கள். பழைய ஓட்டைக் குப்பையில் போட்டிருந்தால் முதலில் அதைத் தேடி எடுங்கள். கிடைத்துவிட்டால் அதை இக்னிஷன் வளையத்தை ஒட்டிப் பிடித்துக்கொண்டு, கையில் இருக்கும் சாவியைத் திருகிப் பாருங்கள். பிடித்தால் செலவே இல்லாமல் வேலை முடிந்தது.

அடுத்து காயில். அதன் கப்ளரைப் பிரித்து, மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்து, காயிலுக்குப் போகும் இரண்டு பின்களில் தொடுங்கள். குறைந்த ஓம் காட்டினால் கம்பி முழுசாக இருக்கிறது. ஓஎல் என்று காட்டினால் அறுந்துவிட்டது. காயிலும் பெட்டியும் ஒன்றாகவே வரும் வண்டிகளில் இப்படிப் பார்க்க முடியாது. அங்கே வரும் வயர்கள் மூன்று நான்காக இருக்கும், ஓம் அளவு எதையும் சொல்லாது.

பெட்டிக்கு வரும்போது, பெட்டியைச் சந்தேகப்படும் முன் அதற்கு வரும் மின்சாரத்தைச் சந்தேகப்படுங்கள். கப்ளரில் நேரடி 12 வோல்ட் வருகிறதா, சாவி ஆன் செய்தால் வர வேண்டிய 12 வோல்ட் வருகிறதா, எர்த் சரியாக இருக்கிறதா, மூன்றையும் பாருங்கள். மாந்தோப்பிலும் களத்து ஓரக் கொட்டகையிலும் நிறுத்தும் வண்டிகளில் எலி வயரைக் கடித்திருப்பது சகஜம். ஐப்பசி, கார்த்திகை மழையில் முன் கண்ணாடி ரப்பர் வழியாகத் தண்ணீர் இறங்கி, டேஷ்போர்டுக்குள் கப்ளர் பின்களில் பச்சையாகக் களிம்பு பிடித்திருக்கும். கான்டாக்ட் கிளீனர் அடித்து, மெல்லிய பிரஷால் துடைத்து, காய்ந்ததும் மாட்டுங்கள். உப்புத்தாள் வேண்டாம், பின்னின் மேல் பூச்சு போய்விடும்.

ஈசிஎம் தானாகக் கெடுவது குறைவு. கெடுப்பது பெரும்பாலும் நாம்தான். பேட்டரியைக் கழற்றாமல் சைலன்சருக்கு வெல்டிங் வைப்பது, ஜம்ப் ஸ்டார்ட் செய்யும்போது பிளஸ் மைனஸ் மாற்றிப் போடுவது, தண்ணீர் பீய்ச்சி எஞ்சின் கழுவுவது. கோளாறு இவற்றில் ஒன்றுக்கு அடுத்த நாளே வந்தது என்றால் ஈசிஎம்மையும் கணக்கில் சேருங்கள்.

பொருள் வாங்கும் முன் பேப்பரும் கோடும்

எது கெட்டது என்று தெரிந்தபிறகு கோடிங் யார் செய்வார் என்பதை முடிவு செய்யுங்கள், அப்புறம் பொருள். பல வண்டிகளில் சாவியைப் பதிய பின் நம்பர் (PIN) என்ற ரகசிய எண் வேண்டும். அதைச் சேஸிஸ் நம்பரை வைத்து அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டர் மூலம் பெறலாம். ஆர்சியும் உரிமையாளரின் அடையாள அட்டையும் கேட்பார்கள். ஆர்சி இன்னும் பெங்களூர்க்காரர் பெயரிலேயே இருந்தால் இங்கே மாட்டிக்கொள்வீர்கள். பெயர் மாற்றம் நிலுவையில் இருக்கிறவர்கள், பழைய உரிமையாளரோடு பேச்சு இருக்கும்போதே படிவம் 28, 29, 30 வேலைகளை முடித்துவிடுங்கள். வண்டி வாங்கியபோது சாவியோடு சின்னத் தகடோ அட்டையோ வந்திருந்தால் அதையும் தேடுங்கள். சாவி நம்பர் அதில்தான் இருக்கும்.

வெளியில் சாவி கோடிங் செய்யும் ஆட்கள் ஓசூரிலும் சேலத்திலும் பெங்களூரிலும் இருக்கிறார்கள். கருவியோடு வண்டி நிற்கும் இடத்துக்கே வருவார்கள். அஞ்செட்டி, பென்னாகரம், அரூர் பக்கம் வண்டி நின்றுவிட்டால், டோ செய்து கொண்டுபோவதா, ஆளை வரவழைப்பதா என்று இரண்டுக்கும் விலை கேட்டுப் பாருங்கள். இன்சூரன்ஸில் ரோட்சைடு அசிஸ்டன்ஸ் சேர்த்திருந்தால் டோவிங் அதில் வரலாம். ஆளிடம் போனில் மூன்று கேள்வி கேளுங்கள்: என் மாடல், என் வருடத்துக்குச் செய்வீர்களா? பின் நம்பர் நான் தர வேண்டுமா? முடியாமல் போனால் வந்துபோன செலவு யாருடையது? தெளிவாகப் பதில் சொல்கிறவரைக் கூப்பிடுங்கள்.

பொருளுக்கு இரண்டு வழி. ஒன்று, புதுப் பெட்டி வாங்கி, இருக்கிற சாவிகளை அதில் பதிவது. பழைய மாடல்களுக்கு இது எல்லா நேரமும் கிடைத்துவிடாது. இரண்டாவது, ஒரே வண்டியிலிருந்து கழற்றிய செட்: ஈசிஎம், பெட்டி, சாவி மூன்றும் சேர்த்து. அவை ஏற்கனவே ஒன்றுக்கொன்று பழகியவை, அதனால் கோடிங் வேலையே இல்லை. அந்தச் சாவியின் சிப்பை எடுத்து உங்கள் சாவித் தலைக்குள் வைத்துவிட்டால், கதவும் இக்னிஷனும் உங்கள் பழைய சாவியிலேயே திறக்கும். பழைய காருக்கு நான் சிபாரிசு செய்வது இந்த வழியைத்தான். பெங்களூரில் ஜே.சி. ரோடு, சிவாஜிநகர் குஜிரி (பழைய சாமான் சந்தை) பக்கம் தேடலாம். ஈசிஎம்மின் பார்ட் நம்பர் கடைசி எழுத்து வரை ஒத்துப்போக வேண்டும். ஒரே மாடலாக இருந்தாலும் பிஎஸ்3, பிஎஸ்4 என்ற புகை அளவு விதி மாறினால் ஈசிஎம்மும் மாறும். பெட்டி ஒரு கடையிலும் சாவி இன்னொரு கடையிலுமாகச் சேர்த்து வாங்கினால் அது செட் ஆகாது. பில் இல்லாமல் வாங்கவே வேண்டாம். எந்த வண்டியிலிருந்து கழற்றியது என்பதைப் பில்லில் எழுதி வாங்குங்கள். திருட்டு வண்டியின் ஈசிஎம் உங்கள் காரில் இருப்பது வேறு விதமான தலைவலி.

கழற்றி மாட்டுதல்

கப்ளர்களைப் பிரிக்கும் முன் போனில் நாலைந்து படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்டீரியோவுக்குக் கோடு இருந்தால் அது கையில் இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு பேட்டரியின் மைனஸ் டெர்மினலைக் கழற்றி ஓரமாக ஒதுக்கிக் கட்டுங்கள். ஏர்பேக் உள்ள வண்டி என்றால் சில நிமிடம் பொறுத்திருந்துதான் ஸ்டியரிங் பக்கம் கை வைக்க வேண்டும். ஏர்பேக் சர்க்யூட்டில் மிச்சமிருக்கும் சார்ஜ் இறங்க அந்த நேரம் தேவை. மஞ்சள் நிறக் கப்ளர் கண்ணில் பட்டால் அது ஏர்பேக்குடையது. அதைப் பிரிக்கவும் வேண்டாம், மீட்டர் முனையை வைக்கவும் வேண்டாம்.

ஸ்டியரிங் தண்டின் கீழ்ப் பக்கம் மூன்று நான்கு ஸ்க்ரூ இருக்கும். அவற்றைக் கழற்றினால் கவர் மேல் பாதி, கீழ்ப் பாதி என்று பிரியும். பத்து பதினைந்து வருட வெயில் பார்த்த பிளாஸ்டிக், கொக்கிகள் விறைத்துப்போயிருக்கும். ஸ்க்ரூடிரைவரால் நெம்பாமல், இரண்டு பாதியும் சேரும் கோட்டில் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே மெதுவாக விரியுங்கள். முடிந்தால் காலை வெயில் பட்டு பிளாஸ்டிக் கொஞ்சம் இளகியபின் செய்யுங்கள்.

காயில் வளையம் பூட்டின் வாயில் ஒரு ஸ்க்ரூவிலோ இரண்டு கொக்கியிலோ நிற்கும். அதை வயரைப் பிடித்து இழுக்காதீர்கள். உள்ளே இருப்பது தலைமுடி கனமுள்ள கம்பி, ஒரு இழுப்பில் அறுந்துவிடும். பெட்டி பெரும்பாலும் ஸ்டியரிங்குக்கு அருகே டேஷ்போர்டின் அடியில் இருக்கும். கப்ளரின் பூட்டு நாக்கை அழுத்தினால் தானாக விடும். விடவில்லை என்றால் நீங்கள் தவறான பக்கம் அழுத்துகிறீர்கள். ஈசிஎம்மைத் தொடும் முன், உடம்பில் இருக்கும் ஸ்டாட்டிக் மின்சாரம் இறங்க, வண்டியின் பெயின்ட் இல்லாத இரும்பைத் தொட்டுவிடுங்கள்.

புதியதை மாட்டி, கப்ளர் 'டக்' என்று உட்கார்ந்ததை உறுதி செய்துகொண்டு, பேட்டரியை மாட்டுங்கள். கவரை இப்போதே மூட வேண்டாம். எல்லாம் வேலை செய்வதைப் பார்த்தபின் மூடலாம்.

கோடிங் நடக்கும்போது

இது கருவி வைத்திருப்பவரின் வேலை. நீங்கள் கவனிக்க வேண்டியவை கொஞ்சம்தான், ஆனால் ஒன்றும் தவறக் கூடாது. பேட்டரி நன்றாக இருக்க வேண்டும். சந்தேகம் இருந்தால் இன்னொரு பேட்டரியைச் சேர்த்து இணைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். நடுவில் வோல்ட்டேஜ் இறங்கினால் ஈசிஎம்மில் பாதி எழுதியது பாதியிலேயே நிற்கும். புளோயர், லைட், ஸ்டீரியோ எல்லாம் அணைத்திருக்கட்டும்.

வீட்டில் இருக்கும் எல்லாச் சாவிகளையும் கொண்டுவாருங்கள். பல வண்டிகளில் புதிதாகச் சாவி பதியும்போது பழைய பதிவுகள் மொத்தமாக அழிந்துவிடும். அன்று கையில் இல்லாத சாவி அதன்பிறகு கதவைத் திறக்கும், எஞ்சினைப் பிடிக்க வைக்காது. பின் நம்பரை ஊகித்து அடிக்க விடாதீர்கள். தொடர்ந்து தவறினால் பெட்டி ஒரு மணி நேரம்வரை பூட்டிக்கொள்ளும் வண்டிகள் உண்டு.

பதிந்து முடிந்ததும் ஒவ்வொரு சாவியாகப் போட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். சில விநாடி ஓடவிட்டு, அணைத்து, சாவியை வெளியே எடுத்து, மறுபடி. ஸ்கேனரில் பழைய கோடுகளை அழித்து, திரும்ப வரவில்லை என்பதைப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். அந்த ஆள் இருக்கும்போதே இன்னொரு சாவியும் பதிந்துகொள்வது லாபம். கருவி வந்துவிட்டது, பின் நம்பர் கையில் இருக்கிறது, கூடுதல் செலவு அந்தச் சாவிக்கு மட்டும்தான்.

வெளியில் வாங்கி மாட்டிய இம்மொபிலைசர்

மாருதி 800, அம்பாசடர், பழைய சுமோ, குவாலிஸ் போன்றவற்றில் கம்பெனி இம்மொபிலைசர் இல்லாமல், பிறகு கடையில் மாட்டிய கறுப்புப் பெட்டி இருக்கலாம். அது இக்னிஷன் வயரையோ, ஃபியூவல் பம்ப் வயரையோ, டீசல் வண்டியில் டீசலை நிறுத்தும் ஸ்டாப் சாலினாய்டு வயரையோ வெட்டி, நடுவில் ஒரு ரிலேயைப் போட்டிருக்கும். கோடிங், பின் எதுவும் இல்லாத எளிய பொருள். ஆனால் ஆபத்து இதில்தான் அதிகம். கம்பெனி இம்மொபிலைசர் ஸ்டார்ட் செய்யும்போதுதான் சாவியைக் கேட்கும், ஓடும் வண்டியை நிறுத்தாது. இந்த ரிலேயோ சூட்டில் தொடர்பு விட்டால் ஓட்டத்திலேயே எஞ்சினை அணைத்துவிடும். பவர் ஸ்டியரிங் கனத்துப்போகும், பிரேக்கை இலகுவாக்கும் பூஸ்டரில் மிச்சமிருக்கும் வாக்குவம் இரண்டு மூன்று மிதிக்குத்தான் வரும். தொப்பூர் இறக்கத்தில் லாரிகளுக்கு நடுவே அந்த நிலைமை யாருக்கும் வரக் கூடாது. ஓட்டத்தில் ஒருமுறை அணைந்தாலும், இந்தப் பெட்டியைக் கழற்றாமல் நெடுஞ்சாலையில் ஏறாதீர்கள்.

கழற்றும்போது பெட்டிக்குள் போய்த் திரும்பும் இரண்டு கனமான வயர்களைக் கண்டுபிடியுங்கள். அவைதான் வெட்டப்பட்ட பழைய வயரின் இரு முனைகள். அதே கனமுள்ள வயரால் இணைத்து, சால்டர் வைத்து, ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போட்டுச் சுருக்குங்கள். முறுக்கி டேப் சுற்றுவது இந்த ஊர் வெயிலுக்குத் தாங்காது, பசை உருகி டேப் நழுவிவிடும்.

'இம்மோவையே எடுத்துவிடலாம்' என்று சொன்னால்

ஈசிஎம்மில் சாஃப்ட்வேரை மாற்றி, சாவியைக் கேட்காமலே எஞ்சின் பிடிக்கும்படி செய்துவிடலாம் என்பார்கள். முடியும்தான். ஆனால் அன்றிலிருந்து சிப் இல்லாமல் வெட்டிய சாவியிலும் உங்கள் கார் ஓடும். ஏஆர்ஏஐ (இந்திய வாகன ஆராய்ச்சிச் சங்கம்) அங்கீகாரம் பெற்ற திருட்டுத் தடுப்புக் கருவிக்கு, சொந்த வண்டியின் சேதத்துக்கான ஓன் டேமேஜ் பிரீமியத்தில் 2.5 சதவீதம், அதிகபட்சம் 500 ரூபாய் தள்ளுபடி உண்டு. உங்கள் பாலிசியில் அது இருந்தால், கருவியை எடுத்தபின் இன்சூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்லியாக வேண்டும். புதுப் பெட்டியும் இல்லை, செட்டும் கிடைக்கவில்லை என்ற நிலையில் மட்டும் இதை யோசியுங்கள். அப்படிச் செய்தால் ஸ்டியரிங் லாக்கோ கியர் லாக்கோ சேர்த்துப் போடுங்கள்.

வேலை முடிந்த அன்றே, பின் நம்பர், சாவி நம்பர், மாற்றிய பெட்டியின் பார்ட் நம்பர் மூன்றையும் ஒரு தாளில் எழுதி, பில்லோடு வீட்டில் வையுங்கள், காருக்குள் வேண்டாம். இரண்டாவது சாவியும் வீட்டிலேயே இருக்கட்டும். கார் திருட்டுப் போனால் இன்சூரன்ஸ் கம்பெனி கேட்பது இரண்டு சாவிகளையும்தான். ஒன்று தொலைந்துபோயிருந்தால் எப்போது, எப்படித் தொலைந்தது என்று கேள்வி வரும். தொலைந்த சாவிக்குப் போலீசில் புகார் கொடுத்து ரசீது வாங்கிவைத்துவிட்டு, கோடிங் ஆளிடம் அந்தச் சாவியின் பதிவையும் அழிக்கச் சொல்லுங்கள்.